நல்ல வெங்காயமாகப் பார்த்து அனுப்பினேன்

என் கூடப் பிறந்தவளே, ரெஜினா,

உன் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்து ஐந்தாறு மாசம் ஆகிறது. தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்திருக்கிறார்கள். நீ உயிரோடு இருந்தவரை உன் அண்ணனை அங்கே வாட்ச்மேன்கூட உட்காரச் சொன்னதில்லை. இப்போது நான் பெருமதிப்பிற்குரியவன் ஆகிவிட்டேன்.

விஷயம் இதுதான். தாவரவியல் துறையில் உன் பெயரால் வருஷா வருஷம் ஒரு மெடல் கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு நான் நிதி வைக்க வேண்டுமாம். துறைத் தலைவர் மேடமே தலைமை தாங்கி, உன்னுடைய 'அர்ப்பணிப்பு மிக்க ஆய்வுப் பணி' பற்றிப் பேசுவாராம். ஆண்டு மலரில் போடுவதற்கு, அண்ணன் என்ற முறையில் நான் நாலு பக்கம் உருக்கமாக எழுதித் தர வேண்டுமாம்.

எழுதுகிறேன், ரெஜி. அவர்கள் கேட்ட நாலு பக்கம் இது இல்லை. மலரில் போடுவார்களா என்பதும் சந்தேகம்தான். போடாவிட்டால் நானே அச்சடித்துக் கொடுத்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையே எழுதப் போகிறேன். ஆனால் கூட இருந்து படிக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாதே. அதனால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூட்டை தூக்கி, தரகு பார்த்து, சொந்தக் கடைக்கு வந்தவன். என் தங்கை பெண்கள் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவிகளுக்கு மைக்ராஸ்கோப் துடைத்துக் கொடுத்து, கண்ணாடிச் சில்லு கழுவி வைத்து, மிச்ச நேரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவள். ஆராய்ச்சி வெங்காய வேரில். என் வாழ்க்கையும் வெங்காயம், உன் வாழ்க்கையும் வெங்காயம். அதில்தான் எல்லாம் கெட்டது.

எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாதம். நீ கல்லூரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாய்.

“அண்ணே, ஒரு கூடை சின்ன வெங்காயம் வேணும். நல்லா முளை விடுற மாதிரி பாத்துக் குடுங்க.”

“முளை விட்டதா? அது கழிவுடி. அதை மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்.”

“எனக்கு அதுதான் வேணும். வேர் வந்தாத்தான் எனக்கு வேலையே.”

“போடி பைத்தியம். சவரிமுத்து கடையிலேருந்து காலேஜுக்கு அழுகல் வந்துச்சுன்னு நாலு டீச்சருங்க சிரிக்கணுமா?”

நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து, என் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒரு வெங்காய வியாபாரிக்கு நல்ல வெங்காயம் என்றால் என்ன? தோல் சலசலக்க வேண்டும். கழுத்து இறுக மூடியிருக்க வேண்டும். மாசக்கணக்காகக் கிடந்தாலும் முளை எட்டிப் பார்க்கக்கூடாது. உனக்கு நல்லது எதுவோ அது எனக்குக் கழிவு. எனக்கு நல்லது எதுவோ அது உனக்கு விஷம். நீ கேட்டதைக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் கடையில் இருந்ததிலேயே முதல் தரமானதைக் கொடுத்தேன்.

அந்த முதல் தரம் எப்படி வந்தது என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷம் ஒரு கம்பெனி ஏஜெண்டு மண்டிக்கு வந்து ஒரு மருந்தைக் காட்டினான். வயலில் வெங்காயத் தாள் சாய்வதற்கு முன்னால் இலை மேல் அடித்துவிட்டால், வெங்காயம் பட்டறையில் எத்தனை மாசம் கிடந்தாலும் முளைக்காது. மண்டிப் பக்கம் வராதவர்களுக்குப் பட்டறை என்றால் என்னவென்று சொல்கிறேன்: காற்றுப் போக மூங்கில் தட்டி கட்டி, உள்ளே வெங்காயத்தைக் குவித்து வைக்கிற கொட்டகை. ஐப்பசி மழையின் ஈரத்தில் பாதிப் பட்டறை முளைத்துப் போகும். அதுதான் எங்கள் தொழிலின் சாபம். துறையூர்ப் பக்கம் ஒரு விவசாயியைப் பிடித்து, அவர் வயல் ஒன்றில் மட்டும் அடிக்கச் சொன்னேன். அவருக்கும் எனக்கும்தான் தெரியும். மற்ற மண்டிக்காரனுக்குத் தெரிந்தால் அவனும் அடிப்பான். வாங்குகிறவனுக்குத் தெரிந்தால் மருந்துச் சரக்கு என்று முகம் சுளிப்பான். ஆகவே வாயைத் திறக்கவில்லை. கார்த்திகையில் ஊரெல்லாம் வெங்காயம் பச்சை விட்டுக்கொண்டிருந்தது. என்னுடையது கூழாங்கல் மாதிரிக் கிடந்தது.

உன் கூடைக்கு அதிலிருந்துதான் பொறுக்கினேன்.

“வேர் கொஞ்சமாத்தான் வருது, மெதுவா வருது” என்று ஒரு வாரம் கழித்துச் சொன்னாய். ஆனாலும் வந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை முற்பகலில், மேடம் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, என்னைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனாய். தண்ணீர்க் கிளாஸ் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயத்தை உட்கார வைத்திருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நுனி வேரை வெட்டி, சாயம் போட்டு, கண்ணாடிக்கு நடுவே கட்டைவிரலால் நசுக்கி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னாய்.

“என்னடி இது, பூரான் குட்டிங்க வரிசை கட்டி நிக்குது?”

“பூரானா! நல்லாப் பாத்தீங்க போங்க. குரோமோசோம்ணே. ஒரு செல்லு ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி எல்லாம் நடுவுல வந்து நிக்கும்.”

“சும்மாதானே நிக்குது?”

“சும்மா நிக்கலை. ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டிருக்கு. அதனாலதான் நிக்குது.”

யார் இழுக்கிறார்கள் என்று கேட்டேன். நுண்குழல் என்றாய். இந்த மைக்ராஸ்கோப்பிலும் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு மெல்லிய குழாய்கள். மணி மணியாகச் சேர்ந்து ஆனவை. மணி சேர்ந்தால் நீளும், உதிர்ந்தால் குறுகும். குரோமோசோம் ஒவ்வொன்றும் ஒட்டிப் பிறந்த இரட்டை. ஒரு பாதியை இந்தக் கோடியிலிருந்து வரும் குழல்கள் பிடிக்கும். மறுபாதியை எதிர்க் கோடியிலிருந்து வருபவை.

“தராசு மாதிரின்னு சொல்லு.”

“தராசு இல்லண்ணே. தராசுல ரெண்டு தட்டும் கீழயேதான் இழுக்கும். இது எதிரும் புதிருமா. லாரியில உங்க ஆளுங்க பாரம் கட்டுறாங்கள்ல? ரெண்டு பக்கமும் நின்னு கயித்தை இழுப்பாங்க. ஒருத்தன் விட்டுட்டா?”

“சரிஞ்சிரும்.”

“அதான். இங்க இன்னும் ஒரு வேடிக்கை இருக்கு. ஒரு பக்கம் மட்டும் மாட்டுனா கயிறு தொய்ஞ்சு கிடக்கும். தொய்ஞ்ச பிடி நிக்காது, கழண்டுரும். மறுபடி பிடிக்கும், மறுபடி கழலும். ரெண்டு பக்கமும் சரியா மாட்டி விறைப்பு ஏறினாத்தான் பிடி உறுதியாகும். இழுவை இருந்தாத்தான் பிடி இருக்கும்ணே.”

“இது தப்பிப் போனா என்ன ஆகும்? வெங்காயம் ஒண்ணு வீணாப் போகும், அவ்வளவுதானே?”

“மனுசனுக்கும் இதே கதைதான். ஒரே ஒரு குரோமோசோம் பக்கம் மாறிப் போனாக்கூட, பிறக்கிற குழந்தைக்கு ஆயுசு பூராக் கஷ்டம்.”

அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை. நீ கண்ணாடியை ஒரு மயிரிழை நகர்த்தி இன்னொன்றைக் காட்டினாய். நடுவில் வரிசை. ஆனால் ஓரமாக, வரிசையை விட்டுத் தள்ளி, இரண்டு சின்னத் துண்டுகள்.

“உடைஞ்ச துண்டு. குழல் மாட்டுற இடம் பெரிய துண்டோட போயிருச்சு. இதை இழுக்க யாரும் இல்ல. இழுக்க யாரும் இல்லாதது நடுவுலயே கிடக்கலாம்ல? ஏன் ஓரத்துக்குப் போச்சு? இழுக்கிறது மட்டும் இல்ல, தள்ளுறதும் ஏதோ ஒண்ணு அங்க இருக்குன்னு நினைக்கிறேன். இழுக்கிறதும் தள்ளுறதும் சமமாகிறப்பதான் நடு கிடைக்குது. இதை மட்டும் நான் காட்டிட்டேன்னா போதும்ணே.”

உன் முகத்தை நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும். சின்ன வயதில் மாதா கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கின அன்றைக்குக்கூட நீ அப்படி இல்லை.

பிறகு நடந்தது எனக்கு அன்று அரைகுறையாகத்தான் தெரியும். கண்வலிக்கிழங்கு விதையிலிருந்து எடுக்கிற மருந்து ஒன்று அந்தக் குழல்களைக் கலைத்துவிடும் என்பார்கள். அதை மிகக் கொஞ்சமாகக் கலந்த தண்ணீரில் வேரை வைத்து, பிடி தளர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் உன் ஆராய்ச்சி. உடைந்த துண்டுகள் அந்த மருந்தால் வந்தவை என்று மேடம் முடிவு கட்டிவிட்டார். உன் படங்களை எடுத்துக்கொண்டு மெட்ராஸில் ஒரு கருத்தரங்கில் படிக்கவும் போய்விட்டார். அங்கே யாரோ எழுந்து, அந்த மருந்து இப்படி உடைக்காதே, எங்கள் லேபில் ஒரு தரம்கூட வந்ததில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். மேடம் பாதியிலேயே படங்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாராம். திரும்பி வந்து உன் மேல் பாய்ந்தார்.

நீ அதற்குள்ளேயே வெறும் தண்ணீரில் வைத்த வெங்காயத்தையும் பார்த்து முடித்திருந்தாய். அதிலும் துண்டுகள் இருந்தன. அப்படியானால் கோளாறு மருந்தில் இல்லை, வெங்காயத்தில். படித்த படிப்பு பொய்யா போகும்? நேராக என் கடைக்கு வந்தாய்.

அந்த நேரத்தில் பாலக்காட்டு வியாபாரி ஒருவர் என் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துறையூர்ச் சரக்கை முழுசாக எடுத்துப் போனவரே அவர்தான்.

“அண்ணே, எனக்குக் குடுத்த வெங்காயத்துக்கு ஏதாவது மருந்து அடிச்சிருக்காங்களா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நம்ம சரக்குக்கா? மருந்தா? என்ன பேச்சு பேசுற நீ? மண்ணுல விளைஞ்சது, அப்படியே வந்துச்சு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. எனக்கு ரொம்ப முக்கியம்.”

“யோசிக்க என்ன இருக்கு? இல்லைன்னா இல்ல.”

 பிறகு, “சரி. அதே சரக்குலேருந்து இன்னொரு கூடை குடுங்க. மேடம் முன்னாடி மறுபடி செஞ்சு காட்டணும்” என்றாய்.

அதே சரக்கு தீர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாங்க வந்தவரிடம் இல்லை என்று சொல்லாத வாய் இது. ஒரு சரக்கு இல்லாவிட்டால் அதைப் போல இன்னொன்றை எடுத்து, அதேதான் என்று கொடுப்பதுதான் எங்கள் பழக்கம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது, கேட்பாரும் இல்லை. பெரம்பலூர்ச் சரக்கு ஒன்று பக்கத்தில் கிடந்தது. மருந்து படாதது. அதிலும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, “அதேதான். அதே பட்டறை” என்று உன் கையில் கொடுத்தேன்.

அதன் பலன் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. முளையை நிறுத்துகிற மருந்து வேரை மட்டும் விட்டுவைக்குமா? எட்டாவது படித்தவனுக்கும் அது புரியும். அன்றைக்கு எடமலைப்பட்டி புதூருக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன், கை கால் கழுவினேன், நீ போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.

அந்தக் கூடை வெங்காயம் ஜோராக வேர் விட்டது. மேடமும் இரண்டு விரிவுரையாளர்களும் நின்று பார்க்க, நீ எழுபது எண்பது சில்லு போட்டாய். ஒரு துண்டுகூட இல்லை. எல்லாம் நடுவில் ஒழுங்காக நின்றன. பழைய சில்லுகளோ காய்ந்து உதவாமல் போயிருந்தன. மிஞ்சியது நீ கையால் வரைந்த படங்கள்தான்.

“கண்ணுல படாததை வரையறது பாட்டனி இல்ல, கோலம். அதை வாசல்ல போய்ப் போடு” என்றாராம் மேடம்.

நீ வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லவில்லை. “வெங்காயம் நல்லா இருந்துச்சுண்ணே. ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னாய். அந்தச் சொல் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

உன் ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்தார்கள். துறை ஃபைலில் உன் பெயருக்கு நேராக 'நம்பத்தகாதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வேலையை விட்டுவிடச் சொன்னேன். “வேற எங்க போறது?” என்றாய். ஆராய்ச்சி முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவள் நீ. கடைசியில் ஆராய்ச்சியும் இல்லை, கல்யாணமும் இல்லை. அந்தப் பெண்மணி உள்ளே நுழையும்போதெல்லாம் எழுந்து நின்று, அவர் மாணவிகளுக்குக் கண்ணாடி துடைத்துக் கொடுத்து, ஐந்து வருஷம் ஓட்டினாய். எப்படி முடிந்தது உன்னால்?

பெரியாஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையோடு நீ கிடந்தபோது, சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். மத்தியான நேரம். இளநீர் வெட்டிக் கொண்டுவந்திருந்தேன். வாக்கியத்தைக்கூட வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

“கடை எப்படிண்ணே இருக்கு? இப்பல்லாம் முளை விட்ட வெங்காயம் வருதா?”

“வருது.”

“வரட்டும். அது நல்லதுதான்.”

பிறகு நான் மழையைப் பற்றிப் பேசினேன். லாரி வாடகையைப் பற்றிப் பேசினேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அடக்கப் பூசைக்கு மேடம் மலர் வளையம் அனுப்பியிருந்தார்.

கல்லூரிக் கடிதம் வந்த மறுநாள் வைதேகி கடைக்கு வந்தார். உன்னோடு வேலை பார்த்தவர், ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கி, மடியில் ஒரு பையை அணைத்தபடி வந்திருந்தார். பையில் உன் நோட்டு.

“மெடல் குடுக்கப் போறாளாமே, கேள்விப்பட்டேன். அதுக்கு முன்னாடி இதை நீங்க பாக்கணும் அண்ணா. நாலு வருஷமா ஆத்துல பெட்டியில வெச்சிண்டிருக்கேன்.”

கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தார். உன் கையெழுத்து. 'இரண்டாம் கூடை: வேறு சரக்கு. தோல் நிறம் மாறியிருக்கிறது, வேரும் விரைவு. முதல் கூடைக்கு வயலில் ஏதோ அடித்திருக்கிறார்கள். அண்ணன் சொல்லவில்லை.'

அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. மேடம் கோலம் என்று சொன்னபோதே தெரிந்திருக்கிறது.

“அப்போ அவ ஏம்மா வாயத் திறக்கலை?”

“நான் கேக்காம இருப்பேனா? அத்தனை பேர் முன்னாடி எங்க அண்ணா பொய் சொல்றார்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டா. அவர் வாயாலயே வரட்டும்னு காத்துண்டிருந்தா. நீங்க வரவே இல்லை.”

வைதேகி கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“இன்னொண்ணும் சொல்லணும் அண்ணா. அந்தத் துண்டெல்லாம் நிஜம். கண்ணால பாத்துதான் வரைஞ்சா. எதனால உடைஞ்சதுங்கறது மட்டுந்தான் தெரியலை. என்ன மருந்துன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா, அதையே தலைப்பா மாத்தி ரெண்டு வருஷத்துல முடிச்சிருப்பா. யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க முடியாது.”

ஒரு வார்த்தை. பாலக்காட்டுக்காரர் எழுந்து போகும்வரை பொறுத்திருந்து, உன்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால்கூடப் போதும். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, ரெஜி. ஒளிக்காமல் சொல்கிறேன். இழுவை இருந்தால்தான் பிடி இருக்கும் என்று எனக்குச் சொன்னவள் நீ. நான் விட்டேன் என்று தெரிந்தும் ஏன் நீ என் சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை? ஏன் இன்னொரு தரம் கேட்கவில்லை? என் மரியாதை உன் ஆயுசை விடப் பெரிதா? யார் கேட்டார்கள் உன்னிடம் அந்தத் தியாகத்தை? அதைச் சுமந்துகொண்டு நான் எங்கே போவேன்?

மேடத்தைப் போய்ப் பார்த்தேன். காபி வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இப்போ எதுக்குப் பழசெல்லாம் கிளறணும்? அதான் அவ பேர்ல மெடல் குடுக்கறோமே.”

“மெடல் இருக்கட்டும்ங்க. ஃபைல்ல எழுதினதை அடிச்சுத் தாங்க.”

“அது டிபார்ட்மெண்ட் ரெக்கார்ட். அப்படில்லாம் மாத்த முடியாது. நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம்? அண்ணன் தங்கச்சிக்குப் பரிஞ்சு பேசுறதுதானே?”

கேள்வி நியாயம்தான். ஆதாரம் இல்லாமல் நானும் சரக்கு எடுக்க மாட்டேன்.

துறையூருக்குப் போனேன். அந்த விவசாயி இன்னும் இருக்கிறார். இந்தத் தடவை ஒரே வயலில் பாதிக்கு அந்த மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். இரண்டையும் தனித்தனிச் சாக்கில், எது எது என்று எழுதி, வைதேகியிடம் கொடுத்தேன். ஒரு மாசம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். குனிந்து பார்த்தேன். நடுவில் பூரான் வரிசை. ஓரத்தில், வரிசையை விட்டுத் தள்ளி, சின்னத் துண்டு ஒன்று. உன் படத்தையும் பக்கத்தில் வைத்திருந்தார். தண்ணீர் மட்டும் பட்டதில் ஒன்றும் இல்லை. தள்ளுகிற விசை பற்றி நீ நினைத்தது சரியா தப்பா என்று வைதேகிக்கும் சொல்லத் தெரியவில்லை. வெளிநாட்டில் இப்போதுதான் அதைப் பற்றிப் பேசுகிறார்களாம். “அவ இருந்திருக்கணும்” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் வேலைக்கு என்ன வந்தாலும் சரி என்று, இதைக் கட்டுரையாக எழுதி உன் பெயரை முதலாவதாகப் போட்டிருக்கிறார்.

பாலக்காட்டு வியாபாரியிடமும் நேரில் சொன்னேன். ஊரார் சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்வதுதான் முறை.

“அன்னைக்கு என் முன்னாடிதானே இல்லைன்னு சொன்னீங்க?”

“ஆமா.”

“கூடப் பொறந்த தங்கச்சிகிட்டயே அப்படிச் சொன்ன ஆளு, என்கிட்ட எத்தனை சொல்லியிருப்பீரு?”

எழுந்து போய்விட்டார். பதினெட்டு வருஷப் பழக்கம். அதற்கப்புறம் வரவில்லை. இன்னும் இரண்டு பேர் வரவில்லை. எதிர்க்கடைக்காரர் என் சாக்கை முகர்ந்து பார்ப்பது போல ஜாடை காட்டிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ அதை என்னைக் கேட்காமலேயே கொடுத்துத் தொலைத்திருக்கிறாய், எனக்கு அது வேண்டாம். விவசாயியின் கைநாட்டு, என் கையெழுத்து, வைதேகியின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் நேரில் போவேன். உட்காரச் சொல்லாவிட்டால் நின்றுகொண்டு கேட்பேன். இந்த ஊரில் என்னை விட அதிக நேரம் நின்று வியாபாரம் முடித்தவன் யாரும் இல்லை.

உனக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். அந்த ஃபைலில் 'நம்பத்தகாதது' என்ற சொல்லை உன் பெயருக்கு நேரே அடிக்க வைப்பேன். அதே சொல்லை, அதே பக்கத்தில், வெங்காயம் கொடுத்தவன் பெயருக்கு நேரே எழுத வைப்பேன். அது நடக்கும்வரை உன் பெயரில் மெடலும் இல்லை, விழாவும் இல்லை, எவரும் மேடை ஏறி உன்னைப் புகழவும் விடமாட்டேன்.

ஒரே தாய் வயிற்றில் உனக்கு முன்னால் பிறந்த,
சவரி அண்ணன்